பட்டம் வாங்கிய பிள்ளை ஏன் வீட்டில் இருக்கிறது?

(வட்டாரக் கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகிகள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு, சோறாக்கி வைத்துவிட்டு, பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். சீக்கிரம் முடித்துவிடுகிறோம் என்று சொல்லித்தான் எப்போதும் ஆரம்பிப்போம், முடிக்கவே மாட்டோம். இன்றும் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குக் கடன் பற்றிப் பேசப் போவதில்லை. ஆனால் இந்தப் பேச்சு கடன் பேரேட்டிலிருந்துதான் கிளம்பியது. போன மாதம் குழுக்களின் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். முன்பெல்லாம் உள்கடன் வாங்கும் காரணம் என்ற இடத்தில் ஆடு வாங்க, ஓடு மாற்ற, ஆஸ்பத்திரிச் செலவு என்று இருக்கும். இப்போது பக்கத்துக்குப் பக்கம் காலேஜ் பீஸ், ஹாஸ்டல் பீஸ், மகள் படிப்பு. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த கட்டத்தைப் பார்த்தால் தவணை நிற்கிறது. ஒரு அக்காவிடம் கேட்டோம்.

"ஏனுங்க அக்கா, ரெண்டு மாசமா தவணை வரலியே?"

"பையன் படிப்பை முடிச்சதும் கட்டிடறேன்னுதானுங்க சொன்னேன். முடிச்சுட்டான். வேலைதான் இன்னும் வரலீங்க."

அந்த அக்கா அதைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை சரியில்லை, நம் வளர்ப்பு சரியில்லை என்று நாமே குற்றத்தைத் தலையில் போட்டுக்கொள்கிறோம். ஊரில் கேட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் திறமை உள்ள பிள்ளையையும் நிறுத்தி வைக்கிற சில விதிகள் இருக்கின்றன. அவற்றை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

ராசிபுரம் பக்கத்து உறுப்பினர் ஒருவரின் மகள் கதையை முதலில் சொல்கிறோம். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறோம், பெயர் வேண்டாம் என்றார். அந்தப் பெண் குடும்பத்தில் முதல் பட்டதாரி. கல்லூரியில் சேரும்போது, சாதாரண கணினி அறிவியல் பட்டத்தைவிட இதற்குத்தான் வேலை கிடைக்கும் என்று சொல்லி, பெயரில் இன்னும் இரண்டு சொல் கூடுதலாக இருந்த ஒரு பட்டப்படிப்பில் சேர்த்துவிட்டார்கள். திறன் சார்ந்த படிப்பு என்று பெரிய போஸ்டர். மூன்று வருடம் படித்தாள், நல்ல மார்க். ஒரு அரசுப் பணிக்குப் பரீட்சை எழுதி, சான்றிதழ் சரிபார்ப்பு வரை போனாள். அங்கே, "இந்தப் பட்டம் நாங்கள் கேட்ட பட்டத்துக்குச் சமம் என்று அரசாணை இருக்கிறதா?" என்று கேட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு அரசாணை உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரியும். அம்மா வாசலில் டிபன் பாக்ஸோடு நின்றுகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். ஒரு பதவிக்கு இன்ன பாடத்தில் பட்டம் வேண்டும் என்று அறிவித்திருந்தால், அதே பெயரில் பட்டம் இருக்க வேண்டும். பெயர் வேறாக இருந்தால் சமநிலை அரசாணை வேண்டும். நம் மாநிலத்தில் மாநில உயர்கல்வி மன்றத்தின் சமநிலைக் குழு இரண்டு பட்டத்தின் பாடத்திட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும், பிறகு உயர்கல்வித் துறை அரசாணை போடும். சமம் என்றும் ஆணை வரும், சமம் இல்லை என்றும் வரும். இரண்டு விதமாகவும் வந்திருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில், வேலை அறிவிப்பு வந்த தேதிக்கு முன்பே அந்த ஆணை போடப்பட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறார்கள். அறிவிப்புக்குப் பிறகு ஆணை வந்தால் அந்தத் தடவைக்கு உதவாது.

இதில் தப்பு யாருடையது? பாடத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது நியாயம்தான், அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளைச் சேர்த்து, மூன்று வருடம் பீஸ் வாங்கி, பட்டமும் கொடுத்த பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது என்ன முறை? மாட்டை விற்று, ஓட்டிக்கொண்டும் போன பிறகு பல்லைப் பிடித்துப் பார்ப்பதா? புதுப் பெயரில் ஒரு படிப்பை ஆரம்பிக்க அனுமதி கொடுக்கும்போதே, இது எந்தப் பட்டத்துக்குச் சமம் என்பதையும் சேர்த்து முடிவு செய்திருக்க வேண்டும். சேர்க்கை விண்ணப்பத்திலேயே அச்சடித்திருக்க வேண்டும்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் பட்டமானாலும் போதும் என்கிற பதவிகளுக்கு இந்தப் பெயர்ச் சிக்கல் இல்லை. குரூப் 2 பதவிகளில் பெரும்பாலானவை அப்படித்தான். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே அடிப்படைத் தகுதி. அதனால் அந்தப் பெண்ணுக்கு எல்லாமே போய்விடவில்லை. படித்த பாடத்தில் வேலை என்கிற கதவுதான் சாத்திவிட்டது. ஆனால் அதற்காகத்தானே அந்தப் படிப்பு!

நம் உறுப்பினர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் இங்கேயே சிலர் இருக்கிறீர்கள். பத்து, பிளஸ் டூ, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று 2009-ல் தமிழக அரசு ஆணை போட்டது. படித்த அறிவு வீண் போகாது. ஆனால் அதை நம்பி அரசு வேலைக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் விசாரியுங்கள்.

அடுத்தது பி.வோக். என்கிற படிப்பு. தொழிற்கல்வி இளங்கலைப் பட்டம். பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் இதைப் பட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. எண்ணம் நல்ல எண்ணம். படிப்பில் நூற்றுக்கு அறுபது பங்கு தொழில் திறன், நாற்பது பங்கு பொதுப் பாடம். முதல் வருடம் முடித்து நின்றால் டிப்ளமோ, இரண்டு வருடத்தில் நின்றால் உயர் டிப்ளமோ, மூன்று முடித்தால் பட்டம். கல்யாணம், வீட்டுக் கஷ்டம் என்று பாதியில் நிற்கிற நம் பெண்பிள்ளைகளுக்காகவே யோசித்தது போல இருக்கிறது. ஆனால் படிப்பைத் தொடங்கிய வேகத்தில் வேலை விதிகளை யாரும் திருத்தவில்லை. எந்தப் பட்டமானாலும் போதும் என்கிற இடத்தில் பி.வோக்.கையும் பட்டமாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று மானியக் குழுவே வேலைக்கு ஆள் எடுக்கும் அமைப்புகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மேல்படிப்புக்கு இன்ன பட்டம் வேண்டும் என்று பெயர் குறிப்பிட்டிருந்தால் அங்கேயும் இடிக்கும். மானியமும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். அது நின்ற பிறகு கல்லூரி தன் காலில் நின்று நடத்த வேண்டும்.

சரி, அரசு வேலையை விடுங்கள், எல்லாருக்குமா கிடைக்கும்? நம் ஊரில் தொழிலுக்கா பஞ்சம்? நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள், முட்டைப் பண்ணைகள், தீவன ஆலைகள். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள். குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் விசைத்தறி. ஆத்தூர் பக்கம் மரவள்ளியும் சேகோ பேக்டரிகளும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு. இத்தனையும் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கு பஸ் ஏறுகிறார்கள்.

ஒரு பட்டறை முதலாளியிடம் கேட்டோம். "டிகிரி படிச்ச புள்ளைய வெச்சு நான் என்னங்க பண்றது? புத்தகத்துல இருக்கறதைச் சொல்லுது. வேலை ஒண்ணும் தெரியலீங்க. கத்துக்குடுக்கறதுக்கு எனக்கு நேரமில்லீங்க" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கற்றுக்கொடுக்கிற ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தொழிற்பழகுநர் சட்டம், 1961. முதலில் ஐ.டி.ஐ. மாதிரியான தொழில்களுக்குத்தான் இருந்தது. 1973-ல் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும் சேர்த்தார்கள். 2014 திருத்தத்தில் பி.ஏ., பி.காம்., பி.எஸ்ஸி. போன்ற மற்றப் பட்டதாரிகளுக்கும் வழி திறந்தது. பழகுநராகச் சேருகிறவருக்கு மாதா மாதம் உதவித்தொகை உண்டு. 2019-ல் திருத்திய விதிகளில் பட்டதாரிக்குக் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோ படித்தவருக்கு 8,000 ரூபாய் என்று வைத்தார்கள். முதலாளி முழுவதும் போட வேண்டியதில்லை. தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பட்டதாரிக்கு அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. தென் மாநிலங்களுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. இணையதளத்தில் பதிவு செய்யக் காசு கிடையாது. காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

படிப்போடு பழகுநர் பயிற்சியையும் சேர்த்தே பட்டம் தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2020-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அப்படியானால் இங்கே ஏன் நடக்கவில்லை?

இந்த இடத்தில்தான் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் வருகிறது, கவனமாகக் கேளுங்கள். பழகுநரைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்கிற விதி, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனத்துக்குத்தான். 2019-க்கு முன்பு அது 40 ஆக இருந்தது. நான்கு பேர் முதல் 29 பேர் வரை உள்ள இடங்களில் முதலாளி விருப்பப்பட்டால் எடுக்கலாம், கட்டாயம் இல்லை. இப்போது உங்கள் ஊர் விசைத்தறிக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். எத்தனை பேர்? எட்டு தறி, மூன்று நான்கு ஆள். கொலுசுப் பட்டறையில் ஐந்தாறு பேர். பாடி கட்டுகிற பட்டறையில் பத்துப் பதினைந்து பேர். நம் சமவெளி முழுக்கச் சின்னச் சின்னப் பட்டறைதான். சட்டம் பெரிய கம்பெனியை மனதில் வைத்து எழுதியது. அது ஓசூரில் இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது.

அங்கே போய்ப் பழகட்டுமே என்பீர்கள். பையன் போய்விடுவான். பெண்பிள்ளையை அனுப்புவீர்களா? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். (சிலரே தூக்கினார்கள்.) அனுப்பினாலும் அந்த ஒன்பதாயிரத்தில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் என்ன இருக்கும்? இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிடுவாள். பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள்.

இந்தச் சட்டத்திலேயே நமக்கு நன்றாகப் புரிகிற ஒரு வழியும் இருக்கிறது. பல முதலாளிகள் தாங்களாகவோ, ஒப்புதல் பெற்ற ஒரு அமைப்பு மூலமாகவோ ஒன்று சேர்ந்து பழகுநர்களுக்குப் பயிற்சி தரலாம் என்று சட்டமே சொல்கிறது. படித்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, இது நம்ம குழு! நாம் ஒவ்வொருத்தரும் தனியாகப் போய் வங்கி வாசலில் நின்றபோது வாட்ச்மேன் கூட உள்ளே விடவில்லை. இருபது பேர் சேர்ந்து, தீர்மானம் எழுதி, கூட்டாகப் போன பிறகுதான் மேனேஜர் நாற்காலி போட்டார். தருமபுரியில் 1989-ல் ஆரம்பித்து, 1991-92-ல் சேலம் மாவட்டத்துக்கு வந்தது நம் குழு இயக்கம். அப்போது நாமக்கல் தனி மாவட்டம் கூட இல்லை, 1997 ஜனவரி 1-ல்தான் பிரிந்தது. அன்றைக்கு நாம் கற்றுக்கொண்டதை இன்றைக்குப் பட்டறை முதலாளிகளுக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. எட்டு தறிக்காரர் ஒருவரால் முடியாது. அவர்கள் சங்கமாகச் சேர்ந்தால் முடியும். ஒரு பிள்ளை மூன்று மாதம் தறியில், மூன்று மாதம் சாயத்தில், மூன்று மாதம் ஏற்றுமதிக் கணக்கில் என்று சுற்றி வந்தால், உண்மையில் ஒரே கம்பெனியில் இருப்பதைவிட அதிகம் கற்றுக்கொள்ளும்.

மறைக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறோம். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பழகுநர் என்ற பெயரில் குறைந்த காசுக்கு வேலை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிற ஆளும் இருப்பார். அதனால் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா, கடைசியில் சான்றிதழ் உண்டா என்று கேட்டே சேர்க்க வேண்டும்.

பாடத்திட்டம் பற்றி ஒரு வார்த்தை. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டங்களுக்கும் பெரியார் பல்கலைக்கழகம். 1997-ல் வந்தது. அதன் கீழ் இணைந்த கல்லூரிகளில் தன்னாட்சி பெற்றவை தவிர மற்றவை பல்கலைக்கழகம் வகுத்த பாடத்தைத்தான் நடத்த வேண்டும். முட்டை ஊரில் இருக்கிற ஒரு சின்னக் கல்லூரி, தீவன ஆலையில் தரம் பார்ப்பதை ஒரு பாடமாக வைக்க நினைத்தாலும் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. ஊருக்குத் தக்க படிப்பு முடியாத காரியம் இல்லை. சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் 1960-லிருந்து இருக்கிறது. நெசவு ஊரில் நெசவுப் படிப்பு. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-ல் வந்தது. 2022 மார்ச் 1-ல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் திறன் பாடங்களைக் கல்லூரிப் பாடத்தோடு சேர்த்தார்கள். நல்ல ஆரம்பம். ஆனால் திரையில் படிப்பது வேறு, பட்டறையில் கை கறுப்பது வேறு. இரண்டும் வேண்டும்.

கல்விக் கடன் பற்றிக் கேட்டு எழுதியிருந்தீர்கள். சுருக்கமாகச் சொல்கிறோம். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி, படிப்பு முடிந்து ஒரு வருடம் வரைதான் தவணைக்கு விடுமுறை. வேலை கிடைத்ததா இல்லையா என்று கேட்காது, தவணை ஆரம்பிக்கும். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு அந்த விடுமுறைக் காலத்து வட்டியை மத்திய அரசு கட்டுகிற திட்டம் உண்டு. ஆனால் 2018 முதல் அதில் ஒரு நிபந்தனை வந்தது: நாக் தரச்சான்று பெற்ற கல்லூரியாகவோ, என்.பி.ஏ. சான்று பெற்ற படிப்பாகவோ இருக்க வேண்டும். சேர்ந்த பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்? சேருமுன் கேளுங்கள்.

நம் மேலும் தப்பு இருக்கிறது. ஐ.டி.ஐ. என்றால் முகம் சுளிக்கிறோம். பாலிடெக்னிக் என்றால் பிளஸ் டூவில் மார்க் வராத பிள்ளை என்கிறோம். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் வருடம் சேரலாம். படி படியாக ஏறுகிற வழி அது. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போடுவதற்காக மட்டும் ஒரு பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, வேலை இல்லை என்று அரசாங்கத்தைத் திட்டினால் எப்படி? இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இனி வேலைக்கு வருவோம். அடுத்த கல்விக் கடன் தீர்மானத்திலிருந்து ஒவ்வொரு குழுவும், பணம் கொடுப்பதற்கு முன் நாலு கேள்விக்குப் பதிலை நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பட்டத்தின் முழுப் பெயர் என்ன, அது எந்தப் பட்டத்துக்குச் சமம், ஆணை எண் உண்டா? கல்லூரிக்குத் தரச்சான்று உண்டா? படிப்பில் பழகுநர் பயிற்சி உண்டா, எந்த இடத்தில்? பாதியில் நின்றால் கையில் என்ன சான்றிதழ் கிடைக்கும்? கல்லூரி அலுவலகத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஊக்குநரையும் பிரதிநிதியையும் கூட அழைத்துப் போங்கள். பதில் சரியில்லை என்பதற்காகக் கடன் மறுக்கக் கூடாது. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வருகிற திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். மனுவில் இரண்டே கோரிக்கை. புதுப் பெயர்ப் படிப்புகளுக்குச் சேர்க்கைக்கு முன்பே சமநிலையை அறிவிக்க வேண்டும் என்று உயர்கல்வித் துறைக்குப் பரிந்துரை செய்ய வேண்டும். விசைத்தறி, சேகோ, பாடி கட்டும் பட்டறைச் சங்கங்களைக் கூப்பிட்டு, கூட்டாகப் பழகுநர் எடுப்பதற்கு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் கூட்டம் நடத்த வேண்டும். அதே தீர்மானத்தை அடுத்த கிராம சபையிலும் ஒவ்வொரு ஊரிலும் கொண்டு வர வேண்டும். படித்து முடித்து வீட்டில் இருக்கிற பிள்ளைகளின் பட்டச் சான்றிதழ் நகல் ஒன்றைக் குழு வாரியாகச் சேர்த்து, வெள்ளிக்கிழமைக்குள் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். அசல் வேண்டாம், நகல் போதும். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், எங்களிடமும்தான்.

மனுவை எழுதிக் கொடுத்தது அந்த ராசிபுரம் பெண்தான். அரசாணை எண்களை இணையத்தில் தேடி எடுத்து, கம்ப்யூட்டரில் தானே அடித்து, மூன்று பிரதி எடுத்துக் கொண்டுவந்தாள். அவள் அம்மா பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். முதல் கையெழுத்து அவருடையது. மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வரிசையாக வந்து போடுங்கள்.